தோல்மேல் வைத்த கை

தந்தா
மே 3, 1975

இன்ஷிராஹ்வுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். நீ விசாரிக்கவில்லை. ஆனாலும் கடிதம் எழுதினால் முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும் என்று நம் அம்மா பழக்கிவிட்டாள். கடலை வறுக்கும் அப்துஹ்வின் கடைக்கு மேலே அதே அறையில்தான் இருக்கிறேன். விடிந்ததிலிருந்து அடுப்புச் சூடும் புகையும். மேளத்தின் தோலுக்குச் சூடு நல்லது. புகை எனக்கு இருமல்.

கீழே கடைத் தொலைபேசியில் நீ சொன்ன செய்தியை அப்துஹ் வந்து சொன்னான். "உடனே கெளம்பி வரச் சொல்லுங்க, அவசரம்." யாரை வரச் சொல்கிறாய்? புதன்கிழமை மாலை, உன் மகள் நாஹித்தின் மருதாணி விழாவில், உன் சம்பந்தி அம்மாள் என்னைக் காட்டி யார் என்று கேட்டாள். நீ சொன்ன பதில் இன்னும் என் காதிலேயே இருக்கிறது. "இவரா? மேளக்காரர். இன்னிக்குச் சாயங்காலத்துக்கு வாடகைக்குப் பேசியிருக்கோம்."

உன் கூடப்பிறந்தவன் நான். இருபது வருடம் நீ ஆட நான் அடித்தேன். தகப்பன் செத்த பிறகு நாஹித்தைத் தோளில் போட்டுக்கொண்டு முகம்மது அலி தெரு முழுக்க நடந்தவன் நான். நிக்காஹ் எழுதும்போது வெள்ளைக் கைக்குட்டைக்குக் கீழே மாப்பிள்ளையின் கையைப் பிடிக்க வேண்டிய கை என்னுடையது என்று நினைத்துத்தான் சாம்பல் நிறக் கோட்டு தைத்துக்கொண்டு வந்தேன். "மேளத்தையும் எடுத்துட்டு வாங்க" என்று நீ சொன்னபோது, மாமன் தன் கையால் வாசிப்பது பெண்ணுக்குப் பெருமை என்று நினைத்தேன். மாமன் உட்கார வேண்டிய அந்த நாற்காலியை உன் பக்கத்து வீட்டு லுத்ஃபி எஃபெந்திக்குக் கொடுத்துவிட்டாய் என்று எனக்குச் சொன்னது யார் தெரியுமா? லுத்ஃபியேதான். பாதாம் மிட்டாயை மென்றுகொண்டே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நான் பொண்ணுக்கு மாமா முறை. நல்லா அடிக்கிறீங்க உஸ்தா" என்றான்.

அதைக்கூட விழுங்கியிருப்பேன். நடுத் தாளத்தில் என் மேளத்தின் தோல்மேல் கையை வைத்து அடக்கினாய். எங்கள் தொழிலில் அது கன்னத்தில் அறைவதைவிடப் பெரியது. உனக்கு அது தெரியாது என்று சொல்லாதே.

வரமாட்டேன்.

பயூமி


ஷுப்ரா, கெய்ரோ
மே 6, 1975

மரியாதைக்குரிய அண்ணன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அதில் உங்கள் கோட்டு இருக்கிறது, உங்கள் இருமல் இருக்கிறது. இங்கே விழுந்து கிடக்கும் மனுஷியைப் பற்றி ஒரு வரி இல்லை.

சம்பந்தி ஃபிக்ரியா ஹாஜியம்மா அன்று விழுந்தவர்தான், இன்னும் எழுந்து நிற்கவில்லை. தேநீரைத் தவிர எதுவும் உள்ளே போவதில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். வலது கை மட்டும் போர்வைக்கு மேலே நடுங்கிக்கொண்டே இருக்கிறது. டாக்டர் வந்து பார்த்தார், ஒரு நோயும் இல்லை என்று போய்விட்டார். அவர் கணவர் ஹாஜி தஸூகி, கூட்டத்தில் சூடு தாங்காமல் மயங்கிவிட்டாள் என்று நம்புகிறார். வியாழக்கிழமை நடந்திருக்க வேண்டிய நிக்காஹைத் தள்ளிவைத்துவிட்டார். "என் வீட்டுக்காரி எழுந்து நிக்கட்டும், அப்புறம் எழுதலாம்" என்கிறார். மாப்பிள்ளை மித்ஹத் இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை குவைத்துக்கு விமானம் ஏறுகிறான். அதற்குள் எழுதவில்லை என்றால் இந்தச் சம்பந்தம் அவ்வளவுதான். போன பையன் திரும்பி வரும்போது அவனுக்கு வேறு பெண் பார்த்திருப்பார்கள்.

நீங்கள் அடித்தது அய்யூப். ஸார் சடங்கு நடக்கிற வீடுகளில் பெண்களுக்குள் இருக்கிற எஜமானனை, அந்த ஆவியை, எழுப்பி, ஆடவைத்து, சமாதானம் செய்து அனுப்புகிற அடி. மேடையில் அடித்தோம், உண்மைதான். விறுவிறுப்புக்காகக் கொஞ்சம் அடித்துவிட்டு உடனே வேறொன்றுக்குப் போய்விடுவோம். கதவைச் சாத்திய வீட்டில், பெண்கள் நிறைந்து உட்கார்ந்திருக்கும் கூடத்தில், யாருக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அதை யாராவது அடிப்பார்களா? அவர் எழுந்தார், முக்காடு விழுந்தது, தலையைச் சுழற்ற ஆரம்பித்தார். என் மகளின் மாமியார், ஹாஜி தஸூகியின் மனைவி. நான் வேறு என்ன செய்திருக்க வேண்டும்?

வேண்டுமென்றே அடித்தீர்களா? அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

இன்ஷிராஹ்


தந்தா
மே 8, 1975

இன்ஷிராஹ்,

'மரியாதைக்குரிய', 'நீங்கள்', 'அவர்கள்'. ஷுப்ராவில் தையல் மெஷினோடு இதையும் வாங்கினாயா? பத்து வயதில் என் தலைமுடியைப் பிடித்து இழுத்தபோது 'நீ' என்றுதான் திட்டினாய். அப்படியே எழுது. எனக்குப் படிக்க வசதியாக இருக்கும்.

கேட்டதற்குப் பதில்.

நான் முதலில் அடித்தது மக்ஸூம். தும் தக், தக் தும் தக். யாரையும் தொந்தரவு செய்யாதது, கல்யாண வீட்டில் கைதட்டத் தெரிந்த எல்லாருக்கும் பொதுவானது. தட்டினார்கள். பிறகு பலதிக்கு மாறினேன். முன்னால் இரண்டு தும் சேர்ந்து விழுந்ததும் உடம்பு கனத்த அத்தைமார் எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்தார்கள், இடுப்பில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டார்கள். ஹாஜியின் அம்மா தெற்கே ஸோஹாக்காரி என்று சொல்லியிருந்தாய். அவளுக்காக ஸயீதி. இரண்டு தும்மும் நடுவுக்கு வந்ததும் அந்த அம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கைத்தடியைத் தூக்கிச் சுழற்றியதை நீயும் பார்த்தாய், சிரித்தாய். அதுவரை என்னை வாடகைக்காரன் என்று நீ சொல்லியிருக்கவில்லை.

கைதட்டுகிறவர்களைப் பார்க்க எனக்கு வேலை இல்லை. தட்டாதவர்களைத்தான் மேளக்காரன் பார்க்க வேண்டும். எனக்கு இதை ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. குருவென்று எவன் காலிலும் நான் விழுந்ததில்லை. ஃபிக்ரியா தட்டவில்லை. மடியில் இரண்டு கையையும் கோத்து நெரித்துக்கொண்டிருந்தாள். கழுத்து மட்டும், நான் அடிக்காத ஒரு தாளத்துக்கு, அசைந்துகொண்டிருந்தது. எந்தத் தாளத்துக்கு என்று எனக்குத் தெரிந்தது.

அப்போதுதான் நீ வந்து அவள் காதில் விழும்படி அந்த வார்த்தையைச் சொன்னாய்.

நான் அடித்தேன். ஒரே ஒரு சுற்று கேள்வியாக அடித்தேன், அவள் கழுத்து பதில் சொன்னது. பதில் சொன்னது என் குற்றமா? வேண்டுமென்றே அடித்தாயா என்கிறாய். நான் வேண்டாமென்று எதையும் அடித்ததில்லை.

அய்யூப்பை ஆரம்பித்தவன் நான், பாதியில் வெட்டியவள் நீ. எழுப்பியதை முடித்து அனுப்பாமல் நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று ஸார் வீட்டு வாசலைத் தாண்டிய எந்தப் பெண்ணுக்கும் தெரியும். நீ என்னை நிறுத்த ஆயிரம் வழி இருந்தது. இருபது வருடம் நீ இடது தோளைத் தாழ்த்தினால் நான் நிறுத்தவில்லையா? அன்றும் தாழ்த்தியிருந்தால் இறக்கி முடித்திருப்பேன்.

இப்போது அந்த அம்மாள் என்னைக் கேட்கிறாள், அதனால்தான் உனக்கு அவசரம். சரியா? வருகிறேன். ஆனால் நிக்காஹ் நாற்காலி என்னுடையது என்று ஹாஜியிடம் முதலில் சொல். மாமனாக வருவேன், மாமனாக அடிப்பேன். வாடகைக்கு வேறு ஆள் கிடைப்பான்.

பயூமி


ஷுப்ரா
மே 11, 1975

அண்ணா,

நீ என்றே எழுதுகிறேன், உனக்கு அதுவே போதும்.

தோளைத் தாழ்த்தியிருக்க வேண்டுமாம். நான் இங்கே தையல்காரி. புருஷனை இழந்து, மெஷினை மிதித்துப் பெண்ணைப் படிக்கவைத்தவள். அப்படித்தான் இந்தத் தெருவுக்கு என்னைத் தெரியும். ஒரு தையல்காரி, நிறைந்த சபையில், ஆட்டக்காரி மாதிரி தோளால் சைகை காட்டுவாளா? காட்டியிருந்தால் அந்த அத்தைமாரில் ஒருத்திக்காவது புரிந்திருக்கும்.

ஹாஜி தஸூகியை உனக்குத் தெரியாது. கடையில் ரேடியோவில் பாட்டு வந்தால் சத்தத்தைக் குறைப்பவர். பெண்ணின் அம்மா இடுப்பு வெட்டி ஆடினவள், மாமன் அவளுக்கு மேளம் அடித்தவன் என்று அவரிடம் நானே போய்ச் சொல்லச் சொல்கிறாய். சொன்ன மறுநிமிடம் மோதிரம் திரும்பி வரும். நாஹித் உன்னிடம் என்ன கேட்டாள்? அவளுக்கு இந்தப் பையனைப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

உன்னிடம் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும் என்பாய். சொல்லத்தான், மருதாணி அன்று நீ தங்கியிருந்த அறை வரைக்கும் வந்தேன். நீ கோட்டைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாய். திரும்பி வந்துவிட்டேன்.

ஹாஜியம்மா உன்னைக் கேட்பது உண்மை. நேற்று நான் மட்டும் இருந்தபோது வாய் திறந்தார். "அந்த மனுஷனக் கூட்டிட்டு வா. பாதியில நிக்குது" என்றார். அவர் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஸார் வீட்டுக்குப் போய்வந்தவர். ஹாஜிக்குத் தெரியாது. தெரியவும் கூடாது.

உன் நிபந்தனை என்னால் முடியாது. மேளக்காரன் ஸக்லூலைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அவனுக்கும் அய்யூப் தெரியும்.

இன்ஷிராஹ்


தந்தா
மே 13, 1975

இன்ஷிராஹ்,

ஸக்லூலா. அவன் அடிப்பது கடிகாரம். ஒவ்வொரு தும்மும் சொன்ன இடத்தில் சொன்னபடி விழும். முகம்மது அலி தெருவில் எல்லாரும் அவனை மெச்சுவார்கள். என் அய்யூப்புக்கு அதே தெருவில் 'நொண்டி' என்று பெயர் வைத்தார்கள். மறக்கவில்லை. என் இரண்டாவது தும் ஒரு மயிரிழை பின்னால் விழுகிறதாம்.

நம் சந்தில் ஒட்டின வீடு ஸார் வீடு. நீ அப்போது பிறக்கவில்லை. அங்கே மேளம் அடித்த பெண்ணுக்கு மணிக்கட்டு சரியில்லை, அவள் கை எழுந்து வரத் தாமதமாகும். ஏழு வயதுப் பயலான நான் சுவரில் காதை வைத்து, அதுதான் தாளம் என்று கற்றுக்கொண்டேன். பிறகு ஒருவன் வந்து தப்பு என்றான், இன்னொருவன் வந்து தப்பு என்றான். நான் மாற்றவில்லை. மாற்றவும் மாட்டேன்.

எழுப்பின கைதான் அனுப்பிவைக்க வேண்டும். ஸக்லூல் ஒரு நாள் முழுக்க அடித்தாலும் அந்த அம்மாளுக்குத் தலைவலிதான் வரும். எழுதி வைத்துக்கொள்.

இன்னொன்றையும் எழுதி வைத்துக்கொள். ஹாஜி தஸூகியின் கடை விலாசம் எனக்குத் தெரியும். எனக்கும் எழுதத் தெரியும். உன்னால் சொல்ல முடியவில்லை என்றால் நான் சொல்கிறேன். வரும் திங்கட்கிழமை வரைக்கும் பார்ப்பேன்.

பயூமி


ஷுப்ரா
மே 16, 1975

அண்ணா,

நீ எழுதுவாய் என்று எனக்குத் தெரியும். எழுது. எழுதிவிட்டு நாஹித்துக்கும் ஒரு கடிதம் போடு, உன் கல்யாணத்தை நான்தான் உடைத்தேன் என்று. நாற்காலிக்காக உடைத்தேன் என்று.

இதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும். உன் மிரட்டலுக்கு நான் பயந்து கீழே உள்ளதை எழுதவில்லை என்பதற்கு அது சாட்சி.

ஸக்லூல் வந்தான். ஹாஜி தொழுகைக்குப் போயிருந்த நேரம். ஜன்னலையெல்லாம் சாத்தி, தோலில் துணியைப் போட்டு மெதுவாக அடித்தான். ஹாஜியம்மா கொஞ்ச நேரம் கேட்டார். கழுத்து அசையவே இல்லை. பிறகு கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். "தம்பி, நல்லாத்தான் அடிக்கிற. ஆனா அந்த மனுஷன் அடிச்சதுல நடுவுல மூச்சு விட ஒரு எடம் இருந்துச்சு. அதுலதான் அது வந்து உக்காந்துச்சு" என்றார். ஸக்லூல் என்னைப் பார்த்தான். "நொண்டியா?" என்று என் காதில் கேட்டான். 

அவனை அனுப்பிவிட்டுக் கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்தேன். உன் நிபந்தனையை நினைத்தேன், உன் மிரட்டலையும் நினைத்தேன். ஹாஜியிடம் சொல்லத்தான் தைரியம் இல்லை, இவரிடமாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த மேளக்காரர் என் அண்ணன் என்றேன். நான் ஆடினவள் என்றேன்.

ஹாஜியம்மா சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "தெரியும். அன்னிக்கே தெரியும். ஒரு தையல்காரி, வாடகைக்கு வந்தவன் மேளத்துமேல கைய வெப்பாளா? வாயால நிறுத்துன்னு சொல்வா. இல்ல, ஆளக் கூப்பிடுவா. தோல்மேல கை வெக்க உரிமை வேணும். ரொம்ப வருஷம் அவன்கிட்ட சண்டை போட்ட கை அது."

எனக்கு அழுகை வந்தது. அவருக்கும்தான். என் ரகசியம் அவரிடம், அவர் ரகசியம் என்னிடம்.

வா அண்ணா. திங்கட்கிழமை பகல். ஹாஜி துணி எடுக்க மஹல்லாவுக்குப் போகிறார், சாயங்காலம்தான் வருவார். நாற்காலியைப் பற்றி இப்போது என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. ஹாஜியம்மா முதலில் எழுந்து நிற்கட்டும், அவரே வழி சொல்வார். இதை மட்டும் முடித்துக்கொடு. ஹாஜி வீட்டுப் பின் படிக்கட்டுக் கதவைத் திறந்து வைத்திருப்பேன்.

இன்ஷிராஹ்


தந்தா
மே 20, 1975

இன்ஷிராஹ்,

வந்தேன். அந்த அம்மாள் சொன்ன வார்த்தைக்காக வந்தேன்.

நான் வந்ததிலிருந்து போனதுவரை நீ என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆகவே நடந்ததை இங்கே எழுதுகிறேன். நாளைக்கு வேறு மாதிரி சொல்லிவிடக் கூடாது.

பின் படிக்கட்டில் குப்பைத் தொட்டியைத் தாண்டி ஏறினேன். ஸ்டவ்வில் மேளத் தோலைச் சூடு காட்டினேன். அறைக்குள் போகவில்லை, வாசற்படியில் உட்கார்ந்தேன். ஸாரில் ஆண்பிள்ளைக்கு அதுதான் இடம். நாஹித் அந்த அம்மாளின் தலைமாட்டில் நின்றாள். மருதாணி மாலையில் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாளே, அதே பெண். இந்தத் தடவை திரும்பவில்லை.

மெதுவாக ஆரம்பித்தேன். தும், க தும் தக். என் இடத்தில், என் தாமதத்தில். முதலில் போர்வைமேல் நடுங்கிய கை நின்றது. பிறகு கழுத்து. பிறகு அந்த அம்மாள் காலைத் தரையில் வைத்தாள். நாஹித் பிடிக்கப் போனபோது நான் தலையை ஆட்டினேன், விட்டுவிட்டாள். ஃபிக்ரியா எழுந்து நின்றாள். முக்காடு விழுந்தது, முடி அவிழ்ந்தது. நான் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். நீ மூலையில் நின்றுகொண்டிருந்தாய். உன் கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தது. பார்த்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. என் விரல் வெடித்து ரத்தம் வந்தது. அவள் முழங்கால் மடங்கியபோது வேகத்தை இறக்கி, இறக்கி, கடைசித் தும்மைத் தோலின் நடுவில் வைத்து நிறுத்தினேன். தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே, "பசிக்குது" என்றாள். நாஹித் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்தாள். அந்த அம்மாள் தின்பதைப் பார்த்தபோது உன்னை மன்னித்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். அவ்வளவு தூரம் போய்விட்டேன்.

அப்போதுதான் முன்வாசலில் சத்தம். லாரி கெட்டுப்போய் ஹாஜி பாதி வழியிலேயே திரும்பிவிட்டார். நீ ஓடினாய். நான் மேளத்தை உறையில் போட்டுக்கொண்டு பின் படிக்கட்டில் இறங்கினேன். படிக்கட்டு ஜன்னல் திறந்திருந்தது. "யார் வந்தது? மேளச் சத்தம் தெரு வரைக்கும் கேட்டுச்சே" என்று அவர் கேட்டார். நீ சொன்னாய். உன் குரல் எனக்குத் தெரியாதா? "யாரோ மேளக்காரன், ஹாஜி. கல்யாண வீடுன்னு கேள்விப்பட்டு வேலை கேட்டு வந்தான். அனுப்பிட்டேன்."

முதல் தடவை வாடகைக்காரன். இரண்டாவது தடவை வேலை கேட்டு வந்தவன்.

நான் ஹாஜிக்கு எழுதப்போவதில்லை, பயப்படாதே. நாஹித்தின் கல்யாணத்தை உடைக்கிறவன் நான் இல்லை. லுத்ஃபி உட்காரட்டும். இனி எனக்கு எழுதாதே.

பயூமி


ஷுப்ரா
மே 24, 1975

அண்ணா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

அந்தப் படிக்கட்டு ஜன்னலையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பயத்தில் அந்த வார்த்தை வாயில் வந்தது. பயத்தில் வந்ததுதான் என்றால் நீ இன்னும் மோசமாகக் கோபப்படுவாய். மன்னித்துவிடு என்று எழுதுகிறேன். பதில் கேட்கவில்லை.

நீ போன பிறகு நடந்ததைக் கேள்.

ஹாஜி உள்ளே வந்தபோது ஹாஜியம்மா தரையில் உட்கார்ந்து, முடியை விரித்துப்போட்டு, ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார். ஹாஜி சந்தோஷத்தில் வாசலிலேயே நின்றுவிட்டார். நான் ஏதோ சொல்லி மறைக்கப் பார்த்தேன். ஹாஜியம்மா என்னைக் கையமர்த்தினார். "இன்ஷிராஹ், போதும். நான் சொல்றேன்" என்றார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவருடைய ஸாரைச் சொன்னார். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே போய்வந்ததைச் சொன்னார். உன்னை யார் என்று சொன்னார். நான் யார் என்று சொன்னார். நாஹித் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

 ஹாஜி தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். அன்று இரவு சாப்பிட வரவில்லை. மறுநாளும் கடையிலேயே இருந்துவிட்டார். மோதிரம் எப்போது வரும் என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தார். லுத்ஃபியையும் கூப்பிடச் சொன்னார். உட்காரவில்லை. நின்றபடியே லுத்ஃபியைப் பார்த்துக் கேட்டார். "நீங்க இந்தப் பொண்ணுக்கு என்ன உறவு?" லுத்ஃபி என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். "பக்கத்து வீடு" என்றான் கடைசியில்.

ஹாஜி என் பக்கம் திரும்பினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நீ ஆடினத அல்லாஹ் விசாரிச்சுக்குவான், எனக்கு அது வேலை இல்ல. என் வீட்டுக்காரி இத்தனை வருஷம் எங்கிட்ட மறைச்சா, அத நான் அவகிட்ட விசாரிச்சுக்கிறேன். ஆனா யாரோ ஒருத்தன் கைய மாமன் கைன்னு சொல்லி, வேதத்த ஓதி, என் புள்ளை புடிச்சுச் சத்தியம் பண்ண இருந்தானே. அது நிக்காஹா? பொய்க் கையப் புடிச்சுக் கட்டின வீடு நிக்குமா?"

பிறகு சொன்னார். "மேளக்காரனோ யாரோ. அந்தப் பொண்ணுக்கு மாமன்னு ஒருத்தன் உசுரோட இருக்கான். அவன் வந்து உக்காரட்டும், எழுதலாம். அவன் வரலேன்னா எழுத்தும் இல்ல."

நான் எவ்வளவு கேட்டும் இறங்கவில்லை. உன்னைப் போலவே இன்னொரு மனுஷன்.

எழுத்து வரும் வியாழக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு, அவர்கள் வீட்டுக் கூடத்தில். சனிக்கிழமை மித்ஹத் போகிறான். வேறு நாள் இல்லை. நாஹித்திடம் உனக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "நான் மொதல்ல மாமாவப் பாத்துட்டுத் திரும்பிக்கிட்டேன்மா. அவர் வரலேன்னா அதுக்கு நானும்தான் காரணம்னு எழுது. வேற ஒண்ணும் எழுதாத" என்றாள். எழுதிவிட்டேன்.

உன் நாற்காலி இருக்கிறது. நீ கேட்டபடி, ஹாஜியே சொல்லி இருக்கிறது. நான் கொடுத்ததாக நினைக்க வேண்டாம். நான் அதைக் கொடுக்க மறுத்தவள்தான்.

இன்ஷிராஹ்


தந்தா
மே 27, 1975

இன்ஷிராஹ்வுக்கு,

வியாழக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். உனக்காக இல்லை. மன்னிப்பைப் பற்றி நீ எழுதிய வரியைப் படித்தேன். அதற்குப் பதில் இந்தக் கடிதத்தில் இல்லை, அடுத்ததிலும் இருக்காது. வேண்டுமானால் கேட்டுக்கொண்டே இரு.

நாஹித்திடம் சொல், அவளுக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. குழந்தைகள் பெரியவர்கள் பார்க்கிற பக்கம்தான் பார்ப்பார்கள்.

ஹாஜி தஸூகியிடம் சொல், நான் முன்வாசல் வழியாக வருவேன். அவர் வாசலில் நின்று வரவேற்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நின்றால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். மனுஷன் சரியாகத்தான் பேசியிருக்கிறார். எனக்குப் பிடிக்காத ஆள் சரியாகப் பேசினாலும் சரி என்றுதான் சொல்லுவேன்.

கோட்டைப் பெட்டிபோடக் கொடுத்திருக்கிறேன். கைக்குட்டையை நானே கொண்டுவருகிறேன். உன் வீட்டில் இருப்பதெல்லாம் பூப்போட்டது.

நிக்காஹ் முடிந்து பெண் ஊர்வலம் வரும்போது மேளத்துக்கு என்ன செய்வது என்று நீ யோசித்துக்கொண்டிருப்பாய். நான் அடிப்பேன் என்று நினைத்திருந்தால் அதை இப்போதே விட்டுவிடு. பெண்ணின் மாமன் தன் பெண்ணின் ஊர்வலத்தில் மேளம் அடிப்பதில்லை. முன்னால் நடப்பான். என் மேளத்தை அப்துஹ்விடம் கொடுத்துப் பூட்டச் சொல்லிவிட்டேன். ஸக்லூலைப் பேசிவிடு. நல்ல துணியில் சட்டை போட்டுக்கொண்டு வரச் சொல்.

அவனிடம் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடு. ஹாஜி வீட்டு முன்படிகள் உயரம், நான் பின்படியில் ஏறும்போதே கவனித்தேன், அந்த வீட்டில் எல்லாப் படியும் அப்படித்தான் இருக்கும். பெண்ணின் உடுப்பு நீளம். அவள் கால் படியில் ஊன்றிய பிறகுதான் தும் விழ வேண்டும், அவளை முந்தக் கூடாது. கடிகாரத்தைப் பார்த்து அடிக்காதே, அவள் காலைப் பார்த்து அடி என்று சொல்.

கேட்கமாட்டான். கேட்கவில்லை என்றால் நடுப்படியில் நான் திரும்பி நின்று அவனைத் திட்டமாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க முடியாது. சம்பந்திகளிடம் இதையும் முன்கூட்டியே சொல்லி வை.

நாஹித்தின் தாய்மாமன்
பயூமி